‘உங்களை’ என்றால் எத்தனை பேர்?

துறைமுகத்தை ஒட்டிய எங்கள் தெருவில் அவரை ‘டஜனக்கா’ என்று சொன்னால்தான் தெரியும். மருத்துவமனைத் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் சலவை நிலையம் ஒன்றில் அவர் நெடுங்காலம் துணி எண்ணும் வேலை பார்த்தார். படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கி, நாடாவால் கட்டி, வண்டியில் ஏற்றி அனுப்புவது அவர் பொறுப்பு. யாராவது குறுக்கே பேச்சுக் கொடுத்தால், “இரு, ஒரு டஜன் முடியட்டும்” என்பார். பெயர் அங்கே ஒட்டியது. வேலை போன பிறகும் பெயர் போகவில்லை.

இப்போது அவர் எண்ணுவது பறவைகளை. வீட்டின் பின்புறத்தில் ஒரு சிறு தோட்டம் உண்டு. ஒரு கொய்யா மரம், இரண்டு செம்பருத்திச் செடிகள், துணி காயப்போடும் கம்பி, மூடியில்லாத சிமெண்ட் தொட்டி ஒன்று, அவ்வளவுதான். ஆனால் மதிற்சுவருக்கு அப்பால் மீன் பதப்படுத்தும் கொட்டகை இருக்கிறது. அங்கே கழித்துப் போடும் மீன்தலைகளைக் கவ்விக்கொண்டு வெண்ணிறக் கடற்காகங்கள் இந்தச் சுவரின்மேல் வந்து உட்காரும். தொட்டியில் தண்ணீர் குடிக்கும். மைனாக்களை விரட்டும். துவைத்த துணியின்மேல் எச்சமிட்டுவிட்டு, ஒன்றும் அறியாததுபோல் கழுத்தைத் திருப்பிக்கொள்ளும்.

தோட்டத்தைப் பார்த்த அறையில் டஜனக்காவின் நாத்தனார் படுத்திருக்கிறார். கணவரின் அக்காள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின் எழுந்து நடக்கவே இல்லை. அந்தக் காலத்தில் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தவர். திருமணம் செய்துகொள்ளாமல், தம்பியைப் படிக்க வைத்து, இந்த வீட்டையும் கட்டி, தம்பி மனைவியோடு குடியேறியபோது முன்னறையைக் காலி செய்து கொடுத்தவர். தம்பி மறைந்தபின் வீட்டில் எஞ்சியவர்கள் இந்த இரண்டு பெண்கள்தாம். நாத்தனார் விழுந்ததும் சலவை நிலையத்தில் டஜனக்காவுக்காகச் சிறிது காலம் இடத்தைக் காலியாக வைத்திருந்தார்கள். பிறகு வேறோர் ஆளை எடுத்துக்கொண்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த அறையில் கட்டில் போக மிச்சமிருப்பது, கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு முக்காலி போடும் இடம்தான். டஜனக்கா அதில் உட்கார்ந்துவிட்டால், எழுந்து வெளியே வர, ஆளோடு சேர்த்துக் கட்டிலை ஒரு முழம் தள்ள வேண்டும். நோயாளியைக் குறித்த வேளைகளில் இடமும் வலமுமாகப் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ஆகையால் கடைக்குப் போனாலும் அரை மணிக்குள் திரும்பியாக வேண்டும். திரும்பத் தாமதமானால் நாத்தனார் கட்டில் கம்பியில் கரண்டியால் தட்டத் தொடங்குவார். அந்தச் சத்தம் தெருமுனை மருந்துக்கடை வரை கேட்கும்.

“டஜனக்கா, உங்க வீட்டு மணி அடிக்குது” என்பார் மருந்துக்கடைக்காரர். மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் ஓடிவருவார் டஜனக்கா.

“எங்கடி போய்த் தொலைஞ்சே? மாத்திரையை அங்கேயே செய்யச் சொல்லி நின்னியா?”

“ஆமா அண்ணி. கொஞ்சம் விஷமும் சேக்கச் சொன்னேன். தீர்ந்துபோச்சாம்.”

“கிடைச்சாலும் நீ பேரம் பேசாம வாங்க மாட்டே.”

இப்படித்தான் அவர்கள் பேசிக்கொள்வார்கள். நாத்தனார் ‘டி’ போடாமல் பேசியதில்லை. டஜனக்கா பதில் கொடுக்காமல் விட்டதில்லை. அடைந்தே கிடந்த அந்த வாழ்க்கையில் காற்று வந்த வழி அந்தச் சண்டை ஒன்றுதான்.

பறவைக் கணக்கு தொடங்கியது தற்செயலாக. பறவைச் சங்கத்துப் பெண் ஒருத்தி கடற்காகங்களைப் பார்க்க வந்தாள். மீன் கொட்டகையில் உள்ளே விடாததால், இந்தத் தோட்டத்திலிருந்து பார்க்கலாமா என்று கேட்டாள். போகும்போது, வீடுகளுக்கு வரும் பறவைகளைக் கணக்கெடுக்கும் தங்கள் திட்டத்தைப் பற்றிச் சொன்னாள். வாரத்தில் ஒரு நாள், காலையில் ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். தோட்டத்தில் இறங்கியவற்றை மட்டும் எண்ண வேண்டும். மேலே பறந்து போனவை கணக்கில் சேரா. ஒரு வகைப் பறவையில் ஒரே நேரத்தில் அதிகமாகக் கண்டது எத்தனையோ, அதையே சொல்ல வேண்டும்.

கடைசி விதி டஜனக்காவுக்குப் பிடிக்கவில்லை.

“வரவர எண்ண வேண்டாமா?”

“போயிட்டுத் திரும்பி வந்ததையே மறுபடியும் எண்ணிடுவீங்கக்கா. ஒரே துணியை ரெண்டு தடவை எண்ணுவீங்களா?”

“எண்ணுவேனே. ரெண்டு தடவை வெளுத்தா ரெண்டு தடவைதானே கூலி?”

“கடற்காகத்துக்கு யாரும் கூலி தரமாட்டாங்கக்கா” என்று சிரித்துவிட்டுப் போனாள் அந்தப் பெண்.

எண்ணுவது டஜனக்கா, தொலைபேசியில் சொல்வது நாத்தனார். அந்த உரிமையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. யார் கைப்பேசியில் அழைப்பு வந்தாலும் அதை ஒலிபெருக்கியில்தான் போடுவார். அடுத்தவர் பேச்சைக் கேட்கலாமா என்று டஜனக்கா ஒருமுறை கடிந்துகொண்டபோது, “கேக்காம இருக்கத்தான்டி எனக்குச் சம்பளம் கொடுத்தாங்க. இப்ப யாரு கொடுக்குறா? கேக்குறேன்” என்றார்.

முதல் வாரமே கணக்கு தவறிப்போனது. நாத்தனார் தம் பழைய தொழிற்குரலில், “கடற்காகம் வந்துச்சு. மைனா வந்துச்சு. புறா வந்துச்சு. கொக்கு வரல. முடிஞ்சுது” என்று சொல்லி வைத்துவிட்டார். அடுத்த வாரம் எண்ணோடு சொன்னபோது அந்தப் பெண் திகைத்துப் போனாள்.

“என்னம்மா, போன வாரம் ஒரே ஒரு கடற்காகம், இந்த வாரம் இருபத்தாறா?”

“போன வாரமும் சுவரு முழுக்க இருந்துச்சே!”

“ஒண்ணு வந்துச்சுன்னுதானே சொன்னீங்க?”

“ஒண்ணுன்னு யாரு சொன்னா? வந்துச்சுன்னு சொன்னேன்.”

இருவர் மீதும் தவறில்லை. அஃறிணையில் ஒன்றாயின் ‘வந்தது’, பலவாயின் ‘வந்தன’ என்று எழுத்தில் நாம் வேறுபடுத்துகிறோம். பேச்சில் அந்த வேறுபாடு தேய்ந்துவிட்டது. ஒரு காகம் வந்தாலும் ‘வந்துச்சு’, ஊர்க்காகமெல்லாம் திரண்டு வந்தாலும் ‘வந்துச்சு’. உயர்திணையிலோ நிலைமை தலைகீழ்: மரியாதை என்று வந்துவிட்டால், ஒருவரே பலராகிவிடுகிறார். ஆசிரியர் ஒருவர் வந்தாலும் ‘வந்தாங்க’, பத்துப் பேர் வந்தாலும் ‘வந்தாங்க’.

அன்றிலிருந்து எண்ணை முதலில் சொல்ல வேண்டும் என்று தீர்மானமாயிற்று. டஜனக்கா அதைக் கறாராகக் கடைப்பிடித்தார். வரிசையாக உட்கார்ந்திருக்கும் கடற்காகங்கள், மடித்து வைத்த தலையணை உறைகளைப் போலவே அவர் கண்ணுக்குத் தெரிந்தன. எண்ணுவதில் சிரமமே இல்லை. சிரமம் எல்லாம் நாத்தனாரோடுதான்.

“பத்தொன்பது அண்ணி.”

“இருபதுடி. தொட்டிக்குப் பின்னால ஒண்ணு நிக்குது.”

“அது கொக்கு.”

“கொக்குக்கும் கடற்காகத்துக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணா எனக்கு?”

“கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுப் பாருங்க.”

சற்று நேரம் கழித்து, “சரி, கொக்குதான். அதுக்கு ஏன்டி அப்படிக் கத்துறே?” என்பார் நாத்தனார்.

அப்படியொரு காலையில்தான் மகனிடமிருந்து அழைப்பு வந்தது. டஜனக்காவுக்கு ஒரே மகன். தொலைவில் ஒரு நகரத்தில் அடுக்குமாடிக் கட்டடங்களின் லிஃப்ட்டுகளைப் பழுதுபார்க்கிறவன்.

“அம்மா, புது வீடு பாத்தாச்சு. தரைத்தளம். ஒரு ரூம் சும்மாவே கிடக்கு. மாசக் கடைசியில நானே வந்து உங்களைக் கூட்டிட்டு வந்துடுறேன்.”

அவன் அவசரத்தில் இருந்தான்; வைத்துவிட்டான். கட்டிலில் நாத்தனாரின் முகம் மலர்ந்தது.

“பாத்தியாடி! என் மருமகன் நம்மளைக் கூப்பிடுறான்.”

டஜனக்கா ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். எத்தனை வரை எண்ணினோம் என்பது மறந்துவிட்டது.

பெரும்பாலான வீடுகளில் இந்தக் குழப்பமே வந்திருக்காது. பிள்ளைகள் தாயை ‘நீ’ என்பார்கள். ‘உன்னைக் கூட்டிட்டுப் போறேன்’ என்றால் அது ஒருத்திதான். ஆனால் டஜனக்காவின் கணவர் அதில் கண்டிப்பானவர். பெற்றவளை ஒருமையில் அழைக்கக்கூடாது என்று மகனுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே பழக்கியிருந்தார். ஆக, ‘உங்களை’ என்பது அம்மா ஒருவரா, அம்மாவும் அத்தையுமா என்பது அவனுக்கு மட்டுமே வெளிச்சம்.

“தரைத்தளம்னு எதுக்குச் சொன்னான்? என் இடுப்பை நினைச்சுத்தான்” என்றார் நாத்தனார்.

“லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் லிஃப்ட்டை நம்புவானா அண்ணி? அதுக்காகத் தரைத்தளமா இருக்கும்.”

“உனக்கு எதுலயும் நல்லதே தெரியாது.”

டஜனக்கா விரும்பியது ஒருமையை. அதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்லக்கூடியதாகவும் இல்லை. அந்தச் சும்மா கிடக்கும் அறையில் தாம் தனியாகப் படுத்திருப்பதையும், விடியும்வரை யாரும் தட்டாமல் இருப்பதையும், திரும்பி வரும் நேரத்தைப் பற்றிய நினைப்பே இல்லாமல் ஒரு தெருவில் நடந்து போவதையும் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொண்டார். அந்த ஊரிலும் ஏதாவதொரு சலவை நிலையம் இருக்கும், ஆள் தேவைப்படலாம். நினைப்பு அத்தனை தூரம் போய்விடும். உள்ளேயிருந்து கரண்டிச் சத்தம் கேட்டதும் தேய்த்த பாத்திரத்தையே மீண்டும் தேய்த்துக்கொண்டிருப்பது தெரியும்.

ஒரு நாள் துணி காயப்போடும் சாக்கில் தோட்டத்தின் கோடிக்குப் போய், மகனைத் தம் கைப்பேசியில் அழைத்தார். அவன் லிஃப்ட்டுக் குழிக்குள் நின்றிருந்தான். இரும்புச் சத்தம் காதைப் பிளந்தது.

“தம்பி, அன்னைக்குக் கூட்டிட்டுப் போறேன்னியே, யாரைடா?”

“என்னம்மா?”

“யாரைக் கூட்டிட்டுப் போறேன்னே?”

“உங்களைத்தாம்மா! வேற யாரை? வேலையில இருக்கேன், அப்புறம் பேசறேன்.”

‘என்னை மட்டுமா?’ என்று கேட்டிருக்கலாம். இரண்டே சொற்கள். ‘மட்டும்’ என்பதுதான் தடையாக இருந்தது. அதைச் சொல்லிவிட்டால், தம் ஆசை என்னவென்று மகனுக்குத் தெரிந்துவிடும். ஏன், தமக்கே தெரிந்துவிடும். கடற்காகத்துக்கு எண் சொல்லத் தெரிந்தவர், தம் காரியத்தில் எண் கேட்காமலே திரும்பி வந்தார்.

நாத்தனாரோ ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார். மதிலுக்கு அப்பால் நின்ற மீன் கொட்டகை மேற்பார்வையாளரிடம், “இனிமே நாத்தம் பிடிக்க எங்களைத் தேடாதே, நாங்க கிளம்புறோம்” என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டார். பயணத்தில் சிக்கு எடுக்க டஜனக்காவுக்குச் சிரமமாக இருக்குமாம். பெட்டியை இறக்கச் செய்து, எந்தச் சேலை வேண்டும், எது வேண்டாம் என்று படுத்தபடியே கட்டளையிட்டார். கிளம்புவதற்கு முந்தைய வாரம் பறவைச் சங்கத்துப் பெண்ணிடமும் சொன்னார்:

“அடுத்த வாரத்திலேர்ந்து வேற வீடு பாத்துக்கம்மா. என் மருமகன் வந்து கூட்டிட்டுப் போறான்.”

“அப்படியா? ரெண்டு பேருமா போறீங்க?”

எண்ணைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

“பின்னே? ரெண்டு பேரும்தான்” என்றார் நாத்தனார். பெண் வாழ்த்துச் சொல்லி வைத்தாள்.

மாதக் கடைசியில் மகன் வந்தான். பறவை எண்ணும் காலைவேளை அது. கதவைத் திறந்ததும் அவன் கண்ணில் பட்டவை கூடத்தில் இருந்த இரண்டு பெட்டிகள். எட்டிப் பார்த்தான்: உள்ளறையில் அத்தை வெளிர்நீலச் சேலை உடுத்தி, பவுடர் பூசி, கைப்பையை மார்பின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

“வாடா! வண்டி வாசலுக்கே வருமா, நாலு பேரைக் கூப்பிடணுமா?”

மகன் தாயைச் சமையலறைக்கு அழைத்துப் போனான்.

“என்னம்மா இது? அத்தை எதுக்குக் கிளம்பி இருக்காங்க?”

“டிக்கெட் எத்தனைடா வாங்கியிருக்கே?”

“ரெண்டு.”

“ரெண்டுன்னா?”

“எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு.”

“மறுபடியும் ‘உங்களுக்கு’ன்னா எப்படிடா!”

“அம்மா, உங்களுக்குத்தான், உங்க ஒருத்தருக்கு! அத்தைக்கு ஒரு முதியோர் இல்லத்துல பேசியிருக்கேன். நல்ல இடம். நாளைக்குக் காலையில அவங்களே வண்டி அனுப்புவாங்க. பக்கத்து வீட்டு அக்கா இன்னைக்கு ஒரு ராத்திரி வந்து படுத்துக்கிறேன்னு ஒத்துக்கிட்டாங்க. நேர்ல சொல்லிக்கலாம்னு இருந்தேன். எத்தனை நாள்தான் நீங்க இப்படியே கிடப்பீங்க?”

ஒருமை! டஜனக்காவுக்கு மகிழ்ச்சிதான். அதை மறைக்க அடுப்பங்கரைத் துணியை எடுத்து, ஈரமில்லாத மேடையைத் துடைத்தார்.

“லைன் நல்லா கிளியராத்தான் இருக்கு” என்றது உள்ளறைக் குரல். “ரெண்டு பேரும் கிசுகிசுக்க வேண்டாம். இங்கேயே வந்து பேசுங்க.”

போனார்கள். மகன் கட்டிலின் கால்மாட்டில் நின்று, இல்லத்தைப் பற்றி விளக்கினான். வேளைக்குச் சாப்பாடு, மருத்துவர், பெரிய ஜன்னல். நாத்தனார் பழைய தொழில்முறையில் குறுக்கிடாமல் கேட்டார்.

“ராத்திரி கூப்பிட்டா யாருடா வருவா?”

“ஆள் இருக்காங்க அத்தை.”

“இருக்காங்கன்னா? ஒருத்தரா, நிறையப் பேரா?”

மகனுக்குத் தெரியவில்லை. “கேட்டுச் சொல்றேன்” என்றான்.

டஜனக்கா திட்டுக்குத் தயாராக நின்றார். ‘நன்றி கெட்டவளே’ என்று தொடங்கினால் என்ன சொல்வது என்பதைப் பாத்திரம் தேய்த்த பொழுதுகளில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். ‘என் வீட்டுல தின்னுட்டு’ என்றால் அதற்கொரு பதில். ‘போடி’ என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். அந்தச் சொல்லையே அனுமதியாக எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிடுவார். எத்தனையோ சண்டைகளில் எத்தனையோ முறை வந்த சொல்தானே அது.

நாத்தனார் கைப்பையை ஓரமாக வைத்தார். டஜனக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க” என்றார்.

இரண்டு பேரையும் சொல்கிறார் என்று மகன் எண்ணிக்கொண்டான்; குனிந்து, “நாங்க அடிக்கடி வந்து பார்ப்போம் அத்தை” என்று தேற்றினான். டஜனக்காவுக்கு மட்டும் தெரிந்தது, அது பன்மையன்று என்பது. இந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அந்த வாய் ஒருமுறைகூட அவரை அப்படி அழைத்ததில்லை. டஜனக்கா மகனிடம், “நான் வரலைடா” என்றார்.

மகன் மாலைவரை வாதாடினான். “நீங்க இப்ப வரலைன்னா எப்பவும் வரமாட்டீங்க” என்றான். “அப்படிச் சொல்லாதே, கொஞ்ச நாள் போகட்டும்” என்றார் டஜனக்கா. கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவன் கேட்டான். அவர் அவனுக்கு வழிக்குச் சாப்பாடு கட்டத் தொடங்கினார். அவன் ஒரு டிக்கெட்டை வீணாக்கிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனான். இல்லத்து வண்டியையும் பக்கத்து வீட்டு அக்காளையும் வேண்டாம் என்று அவனே போகும் வழியில் சொல்லிவிட்டான்.

பெட்டிகள் பிரிக்கப்பட்டன. மறுநாள் முதல் எல்லாம் பழையபடி நடக்கும் என்றுதான் டஜனக்கா எதிர்பார்த்தார். நடக்கவில்லை. நாத்தனார் அந்த ‘நீங்க’வைத் திரும்பப் பெறவே இல்லை.

“தண்ணி கொடுக்குறீங்களா? அவசரமில்லை, உங்க வேலையை முடிச்சுட்டு வாங்க.”

கரண்டி அலமாரிக்குப் போய்விட்டது. வேண்டியதைக் கேட்பதில்லை. ஒருமுறை டஜனக்கா கடையிலிருந்து சற்றுத் தாமதமாக வந்தபோது, நனைந்த விரிப்பிலேயே சத்தமில்லாமல் படுத்திருந்தார். “பரவாயில்லைங்க, நீங்க மெதுவாத்தான் வாங்களேன்” என்றார். அதன்பின் டஜனக்கா கடைக்குப் போவதையே விட்டுவிட்டார். மருந்துக்கடைக்காரர் மாத்திரைகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார். முன்பாவது அழைப்பு வரும்வரை நேரம் தம்முடையது என்று இருந்தது. அழைப்பே வராத வீட்டில் எந்த நேரமும் காது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

‘டி’ என்றவரோடு சண்டை போட முடிந்தது. ‘நீங்க’ என்பவரோடு என்ன செய்வது?

பறவைச் சங்கத்துப் பெண்ணுக்குச் செய்தி சொல்லி, கணக்கு மறுபடியும் தொடங்கியது. கட்டிலைத் தள்ளி, உள்ளே புகுந்து, முக்காலியில் உட்கார்ந்து, கட்டிலை மீண்டும் தம் முழங்காலை ஒட்டி இழுத்துக்கொண்டார் டஜனக்கா. கடற்காகப் பருவம் முடிந்துகொண்டிருந்தது. சுவரில் ஏழு கடற்காகங்கள் மட்டுமே இருந்தன. ஏழு என்பது குழந்தைக்கும் தெரியும்.

வாழ்நாளில் ஒரு தலையணை உறையைக்கூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லாத டஜனக்கா, நாத்தனாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “நாப்பது” என்றார்.

நாத்தனார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சுவரைப் பார்த்தார். உதடுகள் அசைந்து எண்ணுவது தெரிந்தது. ஏழில் நின்றன. டஜனக்கா காத்திருந்தார்.

“நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்” என்றார் நாத்தனார்.

“அண்ணி, நல்லாப் பாருங்க. நாப்பதா இருக்கு அங்க?”

“இருக்கும்ங்க. எனக்குக் கண்ணு சரியில்லை.”

“ஒரு தடவை திட்டுங்களேன் அண்ணி.”

“அய்யோ, எதுக்குங்க?” என்றார் நாத்தனார்.